மரபுக் காம்பரா

லுணுகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளரின் ஒற்றை அறை வீடுகள் வரிசையாய் ஒட்டி நிற்கும் லயங்களில், கடைசி லயத்தின் கடைசிக் காம்பரா வருஷக்கணக்காய்ப் பூட்டிக் கிடந்தது. அதைத் தரச்சொல்லி நிரஞ்சலாவின் அண்ணன் ரஜீவ் தோட்டத்து ஆபீசுக்கு நடையாய் நடந்ததில் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். அப்பா, அம்மா, நிரஞ்சலா, அண்ணன், அண்ணி, கைக்குழந்தை என்று அத்தனை பேரும் ஒரே காம்பராவுக்குள் முடங்கிக் கிடந்தார்கள். “அது ஆள் குடியிருக்கத் தோதில்லை” என்று ஆபீசில் எப்போதும் அதே பல்லவிதான்.

பண்டாரவளையிலிருந்து ஒரு கலைக்குழு வந்தது. இளசுகளுக்கு மரபில் நாட்டமில்லையாம். அந்தக் காம்பராவை அருங்காட்சியகமாக்கினால் நாட்டம் பிய்த்துக்கொண்டு வருமாம். லயத்திலேயே பிறந்து லயத்திலேயே ஒண்டிக் கிடப்பவளுக்கு லயத்தின் அருமையைச் சொல்லித்தர ஆட்கள் வேன் பிடித்து வந்திருக்கிறார்களே என்று நிரஞ்சலா வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆள் இருக்கத் தோதில்லாத இடம், மரபு இருக்கத் தோதாகிவிட்டது. ஒரே வாரத்தில் புதுத் தகரம் போட்டார்கள், தரைக்குச் சிமெந்து பூசினார்கள். மரபு நனையக் கூடாதல்லவா? இந்தப் பக்கம் பிள்ளைமேல் மழை சொட்டாமல் அண்ணி விடிய விடியப் பாயை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி, உங்க வாழ்க்கையே கலைதான். நீங்களும் ஏதாச்சும் செய்யணும்” என்றார் குழுவை நடத்தும் ஆகில்.

“ஒரு குடும்பத்தையே உள்ள நடிக்க வைக்கலாங்க சார்” என்றாள் நிரஞ்சலா.

ஆகிலுக்குப் புல்லரித்துவிட்டது.

திறப்பு விழாவன்று அண்ணன் குடும்பம் சட்டி பானை, பாய் படுக்கையோடு உள்ளே போனது. தோட்டத்துப் பிள்ளைகள் சுவரெல்லாம் கொழுந்துக்கூடை வரைந்திருந்தார்கள். அண்ணி அடுப்பு மூட்டியதைப் படம் பிடித்த விருந்தினர்கள், பிள்ளை வீறிட்டு அழுததும் கைதட்டினார்கள். “தத்ரூபம்!” என்று ஒரு அம்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வேன்கள் இறங்கிப் போனதும் ஆகில் கதவைத் தட்டினார். “ரொம்ப நல்லாச் செஞ்சீங்க. நாடகம் முடிஞ்சிருச்சு, வெளிய வாங்க. பூட்டணும்.”

உள்ளேயிருந்து நிரஞ்சலாதான் கதவைக் கொஞ்சமாய்த் திறந்தாள். அவள் பின்னால் அண்ணி பாயை விரித்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளை இப்பத்தான் கண்ணசந்துச்சு சார். சத்தம் போடாதீங்க” என்று சொல்லிவிட்டு, உள்ளே தாழ்ப்பாளைப் போட்டாள்.