கடல் பார்த்த பக்கம்

மரத்தின் கடல் பார்த்த பக்கத்தில் கை வைக்கச் சொன்னால் அவர் ஏணியை மடக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மரம் கழிக்கிற தொழிலுக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. அதற்குள் எத்தனையோ வீட்டுக்காரர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், அதட்டிப் பார்த்தார்கள். ஒரு டாக்டர் வாசலில் நின்றுகொண்டு, "மரம் என்னுதா, உன்னுதா?" என்று எகிறினார். "மரம் உங்களுதுதான் சார், ரம்பம் என்னுது," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார் மனிதர். அதன்பிறகு அந்தத் தெருவில் அவரை யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை.

கடற்கரை ஓரத்து வீடுகளில் மரம் வளர்வதே பெரிய மல்லுக்கட்டு. உப்புக் காற்று முதலில் அறைவது கடல் பக்கத்துக் கிளைகளைத்தான். அவை கருகி, குட்டையாகி, முறுக்கிக்கொண்டு, பார்க்க லட்சணமில்லாமல் நிற்கும். வீட்டுக்காரர்களுக்கு அதுதான் கண்ணை உறுத்தும். போதாக்குறைக்குக் கடலையும் மறைக்கும். ஆனால் அந்த அழகில்லாத கிளைகள் அடி வாங்கிக்கொள்வதால்தான் பின்னால் இருப்பது பச்சையாக இருக்கிறது. அவற்றை எடுத்துவிட்டால் உப்பு நேராக உள்ளே புகுந்துவிடும், பாரம் முழுக்க வீட்டுப் பக்கம் சேர்ந்துவிடும். பிறகு ஒரு நல்ல காற்று போதும். இதையெல்லாம் புரிந்துகொள்ளப் படித்துப் பட்டம் வாங்க வேண்டியதில்லை. ஆனாலும் படித்தவர்களுக்குத்தான் இது ஏறுவதேயில்லை.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு வீட்டில் அந்தப் பக்கத்தை வெட்டினார். அது அவருடைய மகள் கல்யாணமாகிப் போன வீடு.

சம்பந்தி துறைமுக ஆபீசில் முப்பது வருடம் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு அவருக்குத் திடீரென்று கடல் மேல் காதல் வந்துவிட்டது. மாடி பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கடல் தெரிய வேண்டும். தெரிந்ததோ வாசலில் நின்ற மாமரம்.

"அந்தப் பக்கத்த மொத்தமா எடுத்துடுங்க சம்பந்தி. காஞ்சு போயிதானே கிடக்கு."

"காயல சம்பந்தி. அது அப்படித்தான் இருக்கும். அதுல கை வைக்கக் கூடாது."

"ஊருக்குச் சொல்றத எனக்குமா சொல்றீங்க?" சம்பந்தி சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றது. "சரி விடுங்க. வேற ஆளக் கூப்பிட்டுக்கறேன். நம்ம மருமகதான் உங்களக் கூப்பிடணும்னு ஆசைப்பட்டுச் சொல்லிச்சு."

கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மைத்துனன் இதைக் கேட்டுத் தொண்டையைச் செருமினான். மனைவியின் தம்பி. பதினைந்து வருடமாக இவர் மேலே ஏறுவார், அவன் கீழே கயிறு பிடிப்பான். "கிளம்பலாமா அத்தான்?" என்றான்.

கிளம்பியிருக்க வேண்டும். அதற்குள் மகள் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் அப்பாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"அப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும். நான் வந்து ஆறு மாசமாச்சு. இந்த வீட்டுல திரைச்சீலை மாத்தலாம்னு சொன்னாக்கூட யாரும் காதுல போட்டுக்கல. எங்கப்பா வந்து அழகா செஞ்சு தருவார்னு சொன்னேன், அத மட்டும்தான் சரின்னாங்க."

"மரம் நிக்காதும்மா."

"மரம் நிக்கலன்னா போகட்டும். நான் நிக்கணும்ல?"

அவர் வெளியே வந்து இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டார். மைத்துனன் அவர் முகத்தைப் பார்த்தான், கயிற்றை வீசினான்.

வேலையில் குறை வைக்கவில்லை. மரப்பட்டை கிழியாமலிருக்க ஒவ்வொரு கிளைக்கும் முதலில் அடியில் ஒரு வெட்டு, அப்புறம் மேலே. கயிற்றில் கட்டி மெதுவாக இறக்கினார்கள். ஒரு பூந்தொட்டிகூட உடையவில்லை. செய்யக் கூடாத காரியத்தை அவ்வளவு ஒழுங்காக யாரும் செய்திருக்க மாட்டார்கள். மாலையில் பால்கனியிலிருந்து கடல் நீலமாகத் தெரிந்தது. சம்பந்தி குடும்பம் முழுக்க அங்கே கூடி நின்றது. மகளின் தோளில் அவள் மாமியார் கை போட்டிருந்தாள். அதைப் பார்த்தபோது அவருக்கு வயிறு குளிர்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு மாதத்தில் உள் இலைகள் ஓரம் கருகின. நான்காவது மாதம் காற்றுக் காலம் பிறந்தது. ஒரு விடியற்காலையில் மகள் போன் செய்தாள்.

"மரம் விழுந்துடுச்சுப்பா. யாருக்கும் ஒண்ணுமில்ல. மாமா உன்னை வரச் சொல்றார்."

மரம் வேரோடு பிடுங்கிக்கொண்டு வீட்டின் மேல் சாய்ந்திருந்தது. பால்கனிக் கைப்பிடிச் சுவர் பாதி உடைந்து வாசலில் கிடந்தது. நாற்காலிகள் அடியில் நசுங்கியிருந்தன. அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். நடுவில் நின்று சம்பந்தி கதை சொல்லிக்கொண்டிருந்தார். "சொந்தம்னு நம்பிக் கொடுத்தேங்க. வெளியாளாயிருந்தா நாலு கேள்வி கேட்டிருப்பேன்."

மைத்துனனுக்குப் பொறுக்கவில்லை. "யாரு வெட்டச் சொன்னதுன்னும் சேத்துச் சொல்லுங்க."

சம்பந்தி வாசல்படியில் நின்ற மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

"நீயும்தானேம்மா அன்னிக்கு இருந்தே. அந்தப் பக்கத்த அடியோட எடுக்கச் சொன்னேனா, கொஞ்சம் ஒழுங்கு பண்ணச் சொன்னேனா?"

மாப்பிள்ளை அவள் பக்கத்தில்தான் நின்றான். கைபேசியில் அவனுக்கு அவசரமாக ஏதோ வேலை இருந்தது. மாமியார் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மகள் மரத்தைப் பார்த்தாள், உடைந்த சுவரைப் பார்த்தாள். அப்பாவை மட்டும் பார்க்கவில்லை.

"கொஞ்சம் ஒழுங்கு பண்ணத்தான் சொன்னீங்க மாமா. அப்பா யார் பேச்சையும் கேக்க மாட்டார். எப்பவும் அப்படித்தான்."

மைத்துனன் வாயைத் திறந்தான். அவர் அவன் முழங்கையை இறுக்கிப் பிடித்து, "கயிற எடு," என்றார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. சமையலறையிலிருந்து வெளியே வந்து பட்டையைக் கட்டிக்கொண்ட அன்று தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவருக்கு இப்போது தெரிந்தது. அதே முகத்தோடுதான் அவள் படியில் நின்றுகொண்டிருந்தாள்.

மதியம்வரை கிளைகளை அறுத்து இறக்கினார்கள். கூட்டம் கலைந்து சம்பந்தியும் கூடத்துக்குள் போய்விட்டார். மகள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். மைத்துனன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தெருமுனைக்கு டீ குடிக்கப் போனான். அவர் வாங்கிக் குடித்தார்.

"தப்பா எடுத்துக்காதப்பா," என்றாள் தணிந்த குரலில். "நான் இங்கதானே இருக்கணும்."

கண்கள் கலங்கியிருந்தன. ராத்திரி தூங்கினவள் போலவும் தெரியவில்லை. அவளுடைய பாரத்தைக் கொஞ்சமாவது இறக்க வேண்டுமென்று அவருக்குத் தவிப்பாக இருந்தது.

"நீ சொன்னதுல என்னம்மா தப்பு? வெட்டினது என் கைதானே. போ, வெயில்ல நிக்காதே."

அவள் சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மரம் மோதியதில் ஜன்னல் கண்ணாடி போயிருந்தது, அதனால் கூடத்தில் பேசுவது அப்படியே வெளியே கேட்டது.

"அப்பாவே ஒத்துக்கிட்டார் மாமா," என்றாள் மகள். குரலில் நடுக்கமில்லை. "தப்பு தன் மேலதான்னு சொல்லிட்டார்."

அவர் தெருமுனையைப் பார்த்தார். மைத்துனன் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தான். அவள் இன்னும் ஏதாவது சொல்லி அது அவன் காதில் விழுந்துவிடப் போகிறதே என்று அவசர அவசரமாக மோட்டார் ரம்பத்தைக் கிளப்பினார்.