புலியை அடைத்தவர்

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: சபாபதியாகிய நான், என் மனைவி ரத்தினம்மாள், அவள் தம்பி கண்ணாயிரம், சிதம்பரம் அண்ணாமலை நகரிலிருந்து வந்திருந்த என் மகன் அருள்மொழி, ஓவிய ஆசிரியையான மருமகள் வெண்மதி. வேறு யாரும் இல்லை.

2009 பொங்கலுக்கு மறுநாள். ஒரு பழைய புத்தகத்திலிருந்து அருள்மொழி பெரிதாக நகல் எடுத்து வந்த படத்தை விரித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஒரு துரை கடலூரில் வரைந்தது. கெடிலக்கரை, ஆலமரம், தரையில் கீறிய ஆடுபுலிக் கட்டம். ஒருவர் வாயில் வெற்றிலையோடு திகைத்திருக்கிறார். எதிரே இருப்பவர் கடைசிப் புலியை அடைக்க ஆட்டை நகர்த்துகிறார். துரை பார்த்திருக்க எங்கள் கொள்ளுப்பாட்டனார் கண்ணாயிரத்தின் கொள்ளுப்பாட்டனாரைத் தோற்கடித்தார் என்பது எங்கள் வீட்டுப் பெருமை. ஜெயித்தது தங்கள் ஆள்தான் என்பது அவர்கள் வீட்டுப் பேச்சு. என் அப்பா காலத்திலும் தீராத வழக்குக்குச் சாட்சி வந்துவிட்டது!

ஆவலாகக் குனிந்து பார்த்தேன். ஜெயிக்கிறவர் இடது கையால் ஆடிக்கொண்டிருந்தார்.

"பீச்சாங்கையால காய் நகத்துறவன் எங்க வூட்டுல பொறந்ததே கெடையாது. மச்சான், அது உங்க ஆளுதான்," என்றேன்.

கண்ணாயிரம் துள்ளி எழுந்தான். "அக்கா, கேட்டியா? மாமா வாயாலயே சொல்லிட்டாரு! ஜெயிச்சது எங்க ஆளு!"

"யாரு ஜெயிச்சா என்னா? ஒண்ணு பொறந்த வூடு, ஒண்ணு பூந்த வூடு. சோறு நான்தான் ஆக்கணும்," என்றாள் ரத்தினம்மாள்.

வெண்மதி படத்தை விரலால் தடவினாள். "மாமா, இது செம்புத் தகட்டுல கீறி அச்செடுத்த படம். ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி, எல்லாம் இடம் வலம் மாறிதான் விழும். இங்க பாருங்க." பீரோ கண்ணாடி முன் படத்தைப் பிடித்தாள். கண்ணாடிக்குள் வலது கை, கம்பீரமாக, புலியை அடைத்தது.

"எங்க பாட்டன்!" நான் கத்தியே விட்டேன்.

"அதெப்படி? இன்னும் காபிகூட ஆறல. அதுக்குள்ள சொன்ன சொல்லு மாறுவீங்களா மாமா?" என்றான் கண்ணாயிரம்.

இந்த வீட்டில் கொடுத்த வாக்கை யாரும் திரும்பப் பெற்றதில்லை. பாட்டனையும் விட முடியாது.

மறுநாளே ஆசாரியை அழைத்துப் படத்துக்குச் சட்டம் போட்டேன்.

சபாபதி வாக்கு மாறிவிட்டார் என்று பக்கத்து ஊர் செம்மங்குப்பம் வரை பேச்சாம். பொய். பீரோவுக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறேன், யாரும் வந்து பார்க்கலாம். சுவரில் இருப்பவர் கண்ணாயிரத்தின் கொள்ளுப்பாட்டனார். கண்ணாடியில் இருப்பவர் எங்களுடையவர்.