காந்தம் ஒட்டாத முட்டி

மதுரை ஆஸ்பத்திரியில் இடது முட்டி மாற்றியபோது பெருமாள்சாமிக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, நெஞ்சுக்கு நேரே ஒரு பச்சைத் துணியைத் திரையாகக் கட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் அறுக்கிற சத்தமும் சுத்தியல் சத்தமும் கேட்டன. வலி மட்டும் இல்லை. அதுதான் அவருக்கு இடித்தது. சந்தையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுகிற தரகர்களை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. ஆட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து, இடுப்பெலும்பை அமுக்கிப் பார்த்த பிறகுதான் கயிற்றைக் கையில் வாங்குவார். தன் காலுக்குள் வைத்த சாமானைப் பார்க்காமலே வாங்கிவிட்டார்.

"துருவே பிடிக்காது. நல்லா மடக்கிப் பழகுங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எக்ஸ்ரே படத்தையும் கொடுத்தார்.

சொந்த ஊரான இடைசெவலுக்கு வந்ததும் பெருமாள்சாமி படத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "இது யாரு காலுன்னு எவன் கண்டான்? மொகமா தெரியுது?"

அவருடைய செம்மறிக் கிடையை இப்போது கூலிக்கு ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். நூல் மில்லில் வேலை பார்க்கும் மகன் கோகுலகிருஷ்ணன் கறாராகச் சொல்லிவிட்டான்: தீபாவளிக்குள் அப்பா ஆட்டுக்குப் பின்னால் நடந்தால் கிடை இருக்கும், இல்லாவிட்டால் விற்றுவிட வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்ட பிசியோதெரபிஸ்ட் மாரிசெல்வி கோவில்பட்டியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து காலைப் பிடித்துப் பயிற்சி கொடுத்தாள். ஒவ்வொரு நாளும் கால் கொஞ்சம் கூடுதலாக மடங்கியது. காசிராஜன் வந்துபோகும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

காசிராஜன் ஆட்டுத் தரகர், பெருமாள்சாமியின் பழைய சேக்காளி. ஒரு கையில் சாத்துக்குடிப் பை, மறு கையில் பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம்.

"அண்ணாச்சி, உள்ள இரும்பு வச்சிருக்குன்னுதானே சொல்லுதாங்க? ஒரு தடவ பாத்துருவமே."

கட்டிலின் இரும்புச் சட்டத்தில் வைத்தார். டக்கென்று ஒட்டியது. முட்டியில் வைத்தார். நழுவி மெத்தையில் விழுந்தது. தழும்பின் மேல், பக்கவாட்டில், மேலே, கீழே என்று எங்கே வைத்தாலும் விழுந்தது.

"வெட்டுன தழும்பு இருக்கேலே, காசி."

"வெட்டத்தான் செஞ்சிருப்பான். வெட்டிட்டு அப்படியே தச்சிருந்தா நமக்கு என்ன தெரியும்?" காசிராஜன் குரலைத் தாழ்த்தினார். "மனச விட்டுராதீங்க. நடக்க ஏலாதுன்னா ஒரு வார்த்த சொல்லுங்க. கிடைய மொத்தமா எட்டயபுரம் சந்தையில நான் தள்ளிவிட்டுருதேன்."

காந்தத்தைக் கட்டிலிலேயே ஒட்டவைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் மாரிசெல்வி வந்தபோது பெருமாள்சாமி காலை மடக்கவிடவில்லை. உள்ளே ஒன்றும் இல்லாத இடத்தை மடக்கினால் மிச்சமிருக்கும் எலும்பும் நொறுங்கிப்போகும் என்றார்.

"ஐயா, அந்த உலோகத்துல காந்தம் ஒட்டாது. அது அப்படித்தான்" என்றாள் மாரிசெல்வி.

"நீ அவிய ஆளு. வேற எப்படிச் சொல்லுவ?"

வண்டியைக் கிளப்பும்போது அவள் பெருமாள்சாமியின் மனைவி சுடலையம்மாளிடம் சொன்னாள்: "இப்படியே நீட்டி வச்சிருந்தாருன்னா உள்ள இறுகிப் போயிரும்மா. திரும்ப ஊசி போட்டு டாக்டர்தான் மடக்கணும். அதுவும் முழுசாச் சரியாகும்னு சொல்ல முடியாது."

சுடலையம்மாள் உள்ளே வந்து, கட்டில் சட்டத்திலிருந்து காந்தத்தைப் பிடுங்கி எடுத்தாள்.

"கோவில்பட்டிப் பாத்திரக்கடையில பாய் இது மாதிரி ஒண்ண வச்சித்தானே காட்டுவாரு? ஒட்டுனா மட்டம். ஒட்டாட்டி அசல் எவர்சில்வரு."

"ஏட்டி, நான் என்ன சட்டியா, பானையா?"

"டாக்டரு இரும்புன்னு சொன்னாரா, துருப்பிடிக்காதுன்னு சொன்னாரா?"

அவள் ஒரு தட்டை எடுத்து வந்து காந்தத்தை வைத்தாள். ஒட்டவில்லை.

"நீ ஒட்டாததாப் பாத்துப் பொறுக்கிட்டு வந்திருப்ப. தள்ளு, நானே பாக்குதேன்."

வாக்கரைப் பிடித்து, காலை விறைப்பாக ஊன்றி அடுப்படிக்குப் போனார். முக்காலியில் உட்கார்ந்தார். காலை நேரே நீட்டிக்கொண்டார். குடத்தில் வைத்தார், ஒட்டவில்லை. சோற்றுப் பானையில் வைத்தார், ஒட்டவில்லை. அரிவாள்மணையில் ஒட்டியது. அது இரும்பு என்று அவருக்கே தெரியும். அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு தூக்குவாளி பளபளவென்று இருந்தது. அங்கே காந்தத்தை நீட்டினார். கையைவிட்டுப் பாய்ந்ததுபோல் போய் ஒட்டிக்கொண்டது.

"இது யாரு குடுத்தது?"

"நம்ம கோகுல் கல்யாணத்துக்கு உங்க சேக்காளி காசிராஜன் செஞ்சது. அசல் எவர்சில்வருன்னு ஊரக் கூட்டிச் சொன்னாருல்லா?"

பெருமாள்சாமி முன்னால் குனிந்து தூக்குவாளியை வெளியே இழுத்தார். மூடியைத் திறந்து உள்ளேயும் காந்தத்தை வைத்துப் பார்த்தார். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே துரு ஏறியிருந்தது.

"கிடைய வித்துத் தாரேன்னாம்லா."

"ஆமா. மொத்தமா."

அவர் முகம் சுருங்கியது. தூக்குவாளிக்காகக் குனிந்தபோது அவருடைய இடதுகால் முக்காலிக்கு அடியில் போயிருந்தது. மாரிசெல்வி இத்தனை நாள் பிடித்து அமுக்கியும் வராத அளவுக்கு முட்டி மடங்கியிருந்தது. சுடலையம்மாள் பார்த்தாள். வாயைத் திறந்தால் உடனே நீட்டிவிடுவார் என்று பேசாமல் இருந்தாள்.

அவர் காந்தத்தை ஒருமுறை முட்டியில் வைத்துப் பார்த்தார். விழுந்தது. "அப்ப இதுக்குள்ள இருக்கது..."

"அசலு."

"எதுக்கும் மதுரைக்குப் போறப்ப இத மடியில எடுத்து வச்சிக்க. மத்த முட்டியும் தேஞ்சிருக்கு. அதுக்கு வைக்கப்போறத முதல்ல தொட்டுப் பாத்துரணும்."

"எடுத்து வச்சிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, அவள் சுவரில் தொங்கிய கரண்டியைக் கழற்றினாள். அவர் கையில் கொடுக்காமல், முக்காலிக்கு அடியில், அவர் பாதத்துக்கும் பின்னால் தள்ளி வைத்தாள்.

"இதையும் பாத்துருங்க. எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்."