வாள் பிடித்தவளின் பக்கம்

செலஸ்ரீனா ஜெனோவாவில் இருக்கும் பழைய தோழி கிளறாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். நான்கு வருடத்துக்குப் பிறகு கேட்கிற குரல்.

"சிஞ்ஞோரா அகாத்தா செத்திட்டா, கேள்விப்பட்டனியே?"

"ஓம். கோயில் ஆக்கள் சொன்னவை."

அகாத்தா இத்தாலியின் பலேர்மோ நகரத்துக்காரி. பதினொரு வருடம் ஜப்பானில் இருந்து, பழைய ஆயுதப் பள்ளியொன்றின் அடவுகளைக் கற்றுக்கொண்டு வந்தவர். அந்த நகரின் சீசாப் பகுதியில் ஒரு மண்டபத்தில் அவர் நடத்திய வகுப்புக்கு, இத்தாலியர் வீடுகளில் வேலை முடிந்த கையோடு செலஸ்ரீனாவும் கிளறாவும் பன்னிரண்டு வருடம் போனார்கள். செலஸ்ரீனா மன்னார், கிளறா நெடுந்தீவு. செலஸ்ரீனாவின் கையில் நகினாத்தா: ஆளைவிட உயரமான கோல், முனையில் வளைந்த அலகு, எல்லாமே மரம். கிளறாவின் கையில் மரவாள். ஒவ்வோர் அடவின் முடிவிலும் வாள் தோற்கும்.

கடைசி ஐந்து அடவுகளை அகாத்தா இந்த இருவருக்கு மட்டுமே கொடுத்தார், ஆளுக்கு ஒரு பக்கமாக. அவை படிந்த பிறகு, "இனி ஆயுதத்தை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் இரண்டு பக்கமும் தெரிய வேண்டும்" என்றார்.

செலஸ்ரீனா மாட்டேன் என்றாள். மாதா திருநாளில் சனம் கைதட்டியது அவளுடைய வீச்சுக்கு. அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. கிளறா கெஞ்சிக் கேட்டபோது, "தோக்கிறதுக்கெண்டுதானே உன்னை எனக்கு முன்னாலை விட்டிருக்கு" என்று சொல்லிவிட்டாள். சொன்ன உடனேயே பிழை என்று தெரிந்தது. ஆனால் அதைத் திருத்தவில்லை. கிளறா வகுப்பை விட்டாள். அடுத்த வருடம் மகளோடு ஜெனோவாவுக்கே போய்விட்டாள்.

இப்போது அந்த ஐந்து அடவுகளையும் கற்றுக்கொண்டுபோக ஜப்பானிலிருந்து மொரிதா என்ற ஆசிரியை வருகிறார். அவை அங்கே எவருக்கும் தெரியாது. அகாத்தாவுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பழைய ஆசிரியர் இறந்துபோனார். படம்பிடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டால் பதிவும் இல்லை.

"எனக்கு என்ரை பக்கம் மட்டும்தான் தெரியும், கிளறா."

"என்ரை பக்கத்தை ஆயிரம் தரம் முன்னாலை நிண்டு பாத்தனிதானே?"

ஆனால் செலஸ்ரீனா பார்த்ததெல்லாம் தன் அலகு போகும் இடத்தைத்தான்.

"வாறன்" என்றாள் கிளறா கடைசியில். "உனக்காக இல்லை."

பலேர்மோவில் கப்பலால் இறங்கிய கிளறாவின் வலது தோள் தாழ்ந்திருந்தது. ஜெனோவாவில் முதியோரைப் பராமரிக்கும் வேலையில், படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்கித் தூக்கிப் பழுதாய்ப்போன தோள்.

மறுநாள் காலை மண்டபத்தில் மொரிதா முழந்தாளிட்டு அமர்ந்திருந்தார். இந்த ஒரு தடவைக்குக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, கமராவை ஓட விட்டிருந்தார். முதல் அடவு வந்தது. இரண்டாவது மெதுவாக வந்தது. மூன்றாவதில் கிளறா பல்லைக் கடித்துக்கொண்டு வாளை உயர்த்தினாள். நான்காவதில் இரண்டடி வைத்து நின்றுவிட்டாள்.

"இதுக்குப் பிறகு வைக்கிறது இடக்காலே, வலக்காலே?"

"தெரியாதடி."

மறுபடி தொடங்கினார்கள். அதே இடத்தில் நின்றது. ஐந்தாவது அடவின் தொடக்கமே கிளறாவுக்கு நினைவில் இல்லை.

"நான் அங்கை ஆரோடை பழகிறது?" கிளறா வாளைத் தரையில் வைத்தாள். "தனியச் செய்தால் மனசிலை நிக்காது."

மொரிதா எழுந்து வந்து, முதலில் கிளறாவை வணங்கினார். வாள் பிடிப்பவரே மூத்தவர், வேகத்தையும் தூரத்தையும் கொடுத்து மற்றவரை வெல்லவைப்பவர் அவர்தான் என்று தட்டுத்தடுமாறிய இத்தாலியனில் சொன்னார். அகாத்தாவும் இதைச் சொல்லியிருக்கிறார். தோற்கிறவளுக்குச் சொல்லும் ஆறுதல் என்றே செலஸ்ரீனா அதை எடுத்திருந்தாள்.

"மீதி இரண்டிலும் உங்கள் பாதியையாவது பதிந்துகொள்கிறேன்" என்றார் மொரிதா செலஸ்ரீனாவிடம்.

செலஸ்ரீனா வெறுந்தரையில் தனியே நின்று செய்தாள். வீச்சு ஒன்றும் பிசகவில்லை. ஆனால் எந்த வெட்டைத் தடுக்கிறாள், ஏன் பின்வாங்குகிறாள் என்பது அவளுக்கே விளங்கவில்லை. கிளறா சுவரோடு சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை துறைமுகத்தில் செலஸ்ரீனா, "என்னை மன்னிச்சுக்கொள்" என்றாள்.

"அண்டைக்கே சொல்லியிருந்தால் அந்த ரெண்டும் மிஞ்சியிருக்கும்." கிளறா கோபமாகச் சொல்லவில்லை. "நானும் விட்டிட்டுப் போயிருக்கக் கூடாது."

"மூண்டையாவது விடாமல் செய்வம். மாதத்துக்கு ஒருக்கா நான் ஜெனோவாவுக்கு வரட்டே?"

கிளறா தோளைத் தடவிக்கொண்டாள். "இனிக் கையைத் தூக்க வேண்டாமெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். இண்டைக்குத் தூக்கினதே பிழை."

செலஸ்ரீனா அவளுடைய பையை வாங்கிக்கொண்டாள். கிளறா தடுக்கவில்லை. கப்பலேறும் வாசல்வரை இருவரும் சேர்ந்து நடந்தார்கள்.