பச்சை ஆகாது

குளிப்பாட்டி, வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தியிருந்த அம்மாவின் காலை மரியசெல்வி ஈரம் போகத் துடைத்துக்கொண்டிருந்தாள். தம்பி பெண்டாட்டி ரூபி நிலைப்படியில் வந்து நின்றாள்.

"எந்தச் சேலைங்க அண்ணி கட்டறது?"

கேட்கிற நேரத்தைப் பாருங்கள். உயிரோடு இருந்தவரைக்கும் அந்த வீட்டில் எல்லாம் ரூபி. ரூபி வைத்த ரசம், ரூபி வாங்கின மாத்திரை, ரூபி சொன்னால் சரி. இப்போது கட்டையாகக் கிடக்கும்போது மட்டும் மகளிடம் உத்தரவு கேட்கிறாளாம்.

"நான் வாங்கிக் குடுத்த பச்சை" என்றாள் மரியசெல்வி, தலையைத் தூக்காமல்.

அந்தப் பச்சையில்தான் இருந்தது வினை. அம்மா மதலைமேரி ஆயுசெல்லாம் நாகலூர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவள். எஸ்டேட்காரர்கள் புதிதாகத் திறக்கிற காப்பிக் கடையில் பழைய ஆட்களின் படங்களை மாட்டப்போவதாகச் சொல்லி, சேலத்திலிருந்து போட்டோக்காரரை வரவழைத்தார்கள். எதைக் கட்டிக்கொண்டு நிற்பது என்பதே மதலைமேரிக்கு அப்புறம் பேச்சாகிப் போனது. பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டாள். கிளியூரில் வாழ்க்கைப்பட்ட மரியசெல்வி ஒரு நாள் லீவு போட்டுச் சேலத்துக்கு இறங்கி, இலைப்பச்சையில் பட்டுச்சேலை எடுத்து, அம்மாவின் பழைய ரவிக்கையை அளவுக்குக் கொடுத்துப் புதுசும் தைத்து வாங்கிவந்து மடியில் வைத்தாள். அம்மா தடவித் தடவிப் பார்த்தாள். இதையேதான் கட்டுவேன் சாமி என்றாள்.

போட்டோ போனில் வந்தது. பின்னால் காப்பித் தோட்டம் பசேலென்று விரிந்து கிடக்க, அம்மா கட்டியிருந்தது ரூபியின் மாம்பழக் கலர் சேலை. ரூபிக்கு அவள் அப்பன் வீட்டில் எடுத்துக் கொடுத்தது.

மரியசெல்வி போனைக் கவிழ்த்து வைத்தாள். பெற்ற மகள் கொடுத்தது பெட்டியில் கிடக்கும், வந்தவள் சேலை ஊரார் பார்க்கச் சுவரில் தொங்கும். அதோடு விட்டதுதான் பேச்சு. அம்மா கூப்பிட்டபோதெல்லாம் போன் அடித்து ஓய்ந்தது. இன்றைக்கு விடியற்காலை தம்பி கூப்பிட்டதைக்கூட அவள் முதலில் எடுக்கவில்லை. சேலைக்குச் சமாதானம் சொல்லக் கூப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

ரூபி பச்சைச் சேலையைக் கொண்டுவந்து கொடுத்தாள். மரியசெல்வி அதை உதறிப் பார்த்தாள்.

"இதோட ரவிக்கை எங்க?"

"இருக்குதுங்க அண்ணி. அது வந்து..."

ஆசையாகத் தைத்த ரவிக்கையை அடுப்படியில் கரித்துணி ஆக்கிவிட்டாளா, பாவி? கேட்க வாயெடுப்பதற்குள் வாசலில் தம்பி மரியஜோசப்பின் குரல் உயர்ந்தது. வாசலில் கட்ட அம்மா படம் போட்ட அஞ்சலி பிளெக்ஸ் வந்திருந்தது.

தோட்டமெல்லாம் வேண்டாம், மேகமும் புறாவும் போட்டுக் கொடுங்கள் என்று அவன்தான் போனில் சொல்லியிருந்தான். கடைக்காரர் போட்டோக்காரரிடம் படத்தை வாங்கி அப்படியே செய்திருந்தார். மாம்பழக் கலர் சேலை பளிச்சென்று இருந்தது. முகம் இருந்தது, மடியில் கோத்து வைத்த கைகள் இருந்தன. இடது தோளை முந்தானை மூடியிருந்தது. வலது தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே மட்டும் ஒன்றுமில்லை. அங்கே மேகமும் ஒரு புறாவின் பாதிச் சிறகும் தெரிந்தன.

"அம்மாவோட கை எங்கய்யா?" என்று தம்பி சண்டைக்கு நின்றான். திருப்பி எடுத்துப் போகச் சொன்னான்.

மரியசெல்வி வெளியே வந்து பிளெக்ஸையே பார்த்தாள். ரூபி பின்னாலேயே வந்து மெல்லச் சொன்னாள்.

"அது ரவிக்கைக் கைங்க அண்ணி. உங்க ரவிக்கை."

"என்ன சொல்ற?"

"அத்தை உங்க பச்சையக் கட்டிட்டுத்தாங்க போனாங்க. காப்பிக் களத்துல போட்டோக்காரரு பின்னாடி பச்சைத் துணியக் கட்டி வெச்சிருந்தாரு. அப்பறமா கம்ப்யூட்டர்ல அந்தப் பச்சைய அழிச்சுட்டுத் தோட்டத்தப் போடுவாராம். பச்சை ஆகாது, துணியோட துணியா அழிஞ்சு போகும்னுட்டாரு. அத்தை அழுதுட்டாங்க. எடை போடற ரூம்ல நான் கட்டியிருந்ததை அவுத்துக் குடுத்தேன். ரவிக்கையவும் மாத்துங்கன்னாரு. அவரு நொம்ப கெஞ்சியும் அத்தை கேக்கல. இதாச்சும் எம்மவளுது இருக்கட்டும்னுட்டாங்க."

காப்பித் தோட்டத்துப் படத்தில் அந்தக் கை முழுக்க இலையாக இருந்திருக்கும். பச்சையோடு பச்சை, யார் கண்டது? மரியசெல்வி கண்டது மாம்பழக் கலரை மட்டும்தான்.

"போன்ல எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"அத்தையே சொல்லோணும்னாங்க. நீங்க எடுக்கலைங்க."

மரியசெல்வி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டாள்.

"அப்ப எம்பட சேலைய நீயா கட்டிட்டு ஊட்டுக்கு வந்த?"

"வேற எதைங்க அண்ணி கட்டறது?"

தம்பி பிளெக்ஸைச் சுருட்டத் தொடங்கியிருந்தான். வேறு அடித்து வர மத்தியானம் ஆகும், அதற்குள் அடக்கத்துக்குச் சாமியார் வந்துவிடுவார் என்று யாரோ சொன்னார்கள்.

"அதையே கட்டு" என்றாள் மரியசெல்வி.

"அக்கா, கையே இல்ல. சனம் சிரிக்கும்."

"கட்டுடா."

அவள் உள்ளே திரும்பினாள். ரவிக்கை எங்கே என்று மறுபடி கேட்டாள், இந்தத் தரம் சத்தமில்லாமல். ஞாயிற்றுக்கிழமைதோறும் அத்தை அதைத்தான் கோயிலுக்குப் போட்டதாகவும், துவைத்துப் போட்டது இந்த மூட்டத்தில் காயவே இல்லை என்றும் ரூபி சொன்னாள்.

கொல்லையில் மரியஜோசப்பின் பேண்ட்டுக்கும் ஒரு துண்டுக்கும் நடுவே அது கொடியில் கிடந்தது. கழுத்தோரம் காய்ந்திருந்தது. கைகள் இரண்டும் இன்னும் சில்லென்று ஈரமாக இருந்தன. மரியசெல்வி அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுவந்தாள்.

ரூபி இஸ்திரிப் பெட்டியைச் செருகிக் கொடுத்துவிட்டு, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பச்சைச் சேலைக்குக் கொசுவம் எடுக்க ஆரம்பித்தாள். மரியசெல்வி தரையில் போர்வையை விரித்து, ரவிக்கையின் வலது கையை நீவி வைத்து, பெட்டியை அழுத்தினாள். ஆவி மேலே வந்து அவள் முகத்தில் பட்டது. வெளியே தம்பி பிளெக்ஸைக் கட்ட ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. அவள் கையைத் திருப்பிப் போட்டு மறுபுறமும் தேய்த்தாள்.