சிவப்பு இடப்பக்கம்

சேரன்மகாதேவிக்குத் தெற்கே, வயல் முடிந்து பொட்டல் தொடங்கும் இடத்தில், விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் சின்னப் பள்ளி ஒன்று இருக்கிறது. ஓடுதளம், தகரக் கொட்டகை, தலா இரண்டு பேர் உட்காரும் இரண்டு விமானங்கள். அவ்வளவுதான் சொத்து. அந்த இரண்டுக்கும் வயர் வேலை பார்ப்பவன் லியோன். கூடங்குளம் பக்கத்துக் கடற்கரைக்காரன். மீசை முளைக்கும் முன்பே மீன்பிடிப் போட்டுகளில் லைட்டு மாட்டப் போனவன்.

போன மழையில் இரண்டு விமானங்களும் மேகத்துக்குள் உரசாத குறையாகக் கடந்து போயின. அந்தப் பயத்தில்தான் பள்ளிக்காரர்கள் புதுப் பெட்டிகளை வாங்கினார்கள். பக்கத்தில் வேறு விமானம் வந்தால், எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று திரையில் காட்டும். ரொம்ப நெருங்கினால் வாய்விட்டு எச்சரிக்கும்.

லியோன்தான் இரண்டிலும் மாட்டினான். கூரைமேல் இட்லித் தட்டு அளவில் ஆண்டெனா. அதிலிருந்து நான்கு கேபிள், முன், பின், இடம், வலம் என்று. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு நிற வளையம். கொதிக்கும் கொட்டகைக்குள், விமானத்தின் முன்பலகைக்கு அடியில் மல்லாந்து கிடந்து, கண்ணில் வியர்வை இறங்க இறங்க முடுக்கினான்.

சரிபார்க்கும் கருவி பெங்களூரிலிருந்து வந்து சேரவில்லை. தலைமை இன்ஜினியர் சங்கரசுப்பிரமணியனுக்குப் பொறுமை இல்லை.

"அது வர்ற வரைக்கும் பிளேன மூடி வச்சுக் கும்பிடவா வே? ரெண்டையும் மேல அனுப்பும். ஒண்ண ஒண்ணு பாத்துக்கிடட்டும். அதுக்கு மேல என்ன டெஸ்டு?"

ஸமீஹா ஏறி உட்கார்ந்தாள். மேலப்பாளையத்துப் பெண், பள்ளியில் பயிற்சி கொடுப்பவள்.

"அண்ணாச்சி, பொட்டி பேசுமாமே?"

"பேசும் பேசும். ஒங்க உம்மா கணக்கா நிறுத்தாமப் பேசும்."

"எங்க உம்மா பேசுனா வீட்ல யாரு கேக்கா? அப்ப மோதிக்கிட வேண்டியதுதான்" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள்.

பள்ளியின் இன்னொரு விமானி மகேஸ்வரன் முன்னமே மற்ற விமானத்தை எடுத்துக்கொண்டு மேற்கே அம்பாசமுத்திரம் பக்கம் போயிருந்தான். அவன் திரும்பி வர வேண்டும், இவள் எதிரே போக வேண்டும். அவன் மேலே, இவள் கீழே. பேச்சு அதுதான்.

லியோனும் சங்கரசுப்பிரமணியனும் கொட்டகை வாசலில் நின்றார்கள். கைரேடியோ இன்ஜினியர் கையில். சாயங்கால வெயில் மேகத்துக்கு அடியில் நுழைந்து கண்ணைக் குத்தியது. ஸமீஹா வடக்கே, ஆற்றின் மேலாக மேற்கு நோக்கிப் போனாள். தெற்கே, இவர்கள் தலைக்கு நேராக, மகேஸ்வரன் கிழக்கு நோக்கி வந்தான். பொதிகைப் பக்கத்திலிருந்து மேகம் கீழே இறங்கவும், அதில் மாட்டாமலிருக்க அவனும் இறங்கினான். இரண்டும் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டன.

"வெயிலு மூஞ்சில அடிக்கி, ஒண்ணும் தெரியல" என்றது ரேடியோவில் ஸமீஹாவின் குரல். "ஆனா பொட்டி காட்டுது. எனக்கு வலப்பக்கம். நான் இடப்பக்கம் ஒதுங்குதேன்."

"என் முன்னால மேகப் பிசிறு. பொட்டி எனக்கும் வலப்பக்கந்தான் காட்டுது" என்றான் மகேஸ்வரன். "நானும் இடப்பக்கமே போறேன்."

சங்கரசுப்பிரமணியன் லியோன் முதுகில் தட்டினார். "வேல செய்யுதுல்லா."

லியோனுக்கு அது காதில் ஏறவில்லை. மேற்கே போகிறவளுக்கு இடது கை தெற்கு. மகேஸ்வரன் தெற்கேதான் வருகிறான். கண்ணுக்கு முன்னால் வருகிறான். பெட்டி வலம் என்கிறது. இரண்டு பெட்டியும் வலம் என்கிறது.

சிவப்பு வளையம்.

போட்டில் சிவப்பு லைட்டு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். அவன் ஊரில் எழுத்து தெரியாத பிள்ளைக்கும் அது தெரியும். விமானத்து இறக்கையிலும் அதே கணக்குதான். நிறம் பார்க்க அவனுக்குப் பெட்டியோடு வந்த படம் எதற்கு? திருகாணி அளவுக்கு மட்டும் படத்தைப் பார்த்துவிட்டு, சிவப்பை இடப்பக்கம் செருகினான். இரண்டிலும். இந்தப் பெட்டியைச் செய்தவன் சிவப்பை வலத்துக்கு வைத்திருக்கிறான்.

மேலே இரண்டும் விலகுவதாக நினைத்து ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்துகொண்டிருந்தன.

லியோன் ரேடியோவைப் பிடுங்கினான். இன்ஜினியரின் மோதிரம் அவன் தோலைக் கிழித்துக்கொண்டு போனது.

"பொட்டிய நம்பாதீங்க. நான் மாத்தி மாட்டிட்டேன். லியோன் பேசுதேன், மாத்தி மாட்டிட்டேன். ரெண்டு பேரும் வலப்பக்கம் ஒடிங்க. வலம், வலம்."

ஸமீஹாவின் விமானம் அப்படியே போனது. பிறகு அதன் வெள்ளை வயிறு முழுசாகத் தெரிகிற மாதிரி வடக்கே கவிழ்ந்தது. மகேஸ்வரனுடையது தெற்கே சரிந்தது. கீழிருந்து பார்க்க இரண்டும் ஒன்றாகிப் பிரிந்தது போல் இருந்தது. இன்ஜின் சத்தம் மட்டும் வயல்மேல் உருண்டு வந்தது. நாற்றங்காலில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இரண்டும் இறங்கி நிற்கும்வரை லியோன் ரேடியோவின் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. மூச்சிரைப்பு முழுக்க அதில் போய்க்கொண்டிருந்தது. இன்ஜினியர்தான் விரலைப் பிரித்து எடுத்தார்.

"பொட்டியில கோளாறுன்னு சொல்லிருவோம் வே" என்றார் பைய. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "செஞ்சவன் தலையில போட்டுரலாம்."

"ஊரு கேக்கச் சொல்லியாச்சு சார்."

மகேஸ்வரன் இறங்கியதும் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஸமீஹா நடந்து வந்தாள்.

"அவரு சட்டை கலரு தெரிஞ்சுது அண்ணாச்சி" என்றாள். "நீலம்."

லியோன் அவள் விமானத்துக் கூரைமேல் இருந்த ஆண்டெனாவைப் பார்த்தான்.

"எதை மாத்துனீரு?"

"செவப்ப இடப்பக்கம் மாட்டிட்டேன்."

"நானா இருந்தாலும் அங்கனதான் மாட்டியிருப்பேன்" என்றாள். அதில் மன்னிப்பு எதுவும் இல்லை. "நாளைக்குச் சரி பண்ணும். பண்ணிட்டு நீரும் ஏறும். என் பக்கத்து சீட்டுல உக்காரும். அப்பத்தான் எடுப்பேன்."

இத்தனை வருஷத்தில் லியோன் ஒரு தடவைகூடப் பறந்ததில்லை. சரி என்று தலையாட்டினான். அப்புறம் கொட்டகைக்குள் போய், பெட்டியோடு வந்த படத்தை விரித்து, நிறங்களை முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தான்.