முள் சரியும் இடம்

சிவப்புக் கார் பட்டறைக்கு வந்த வாரத்திலேயே மெக்கானிக் வீட்டில் பால் பொங்குவது நின்றுவிட்டது. பாத்திரத்தின் விளிம்பு வரை நுரைத்து ஏறும், அங்கே சற்றுத் தயங்கும், அப்புறம் அடங்கி இறங்கிவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதுதான் கதி. மெக்கானிக்கின் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். குனிந்து அடுப்பைத் துடைக்கிற வேலை மிச்சம் என்று முதலில் அவள் சந்தோஷப்படத்தான் செய்தாள்.

கார் ஒரு பல் டாக்டருடையது. பந்தயத் திடலில் ஓட்ட வேண்டும் என்றே டர்போ வைத்து வாங்கியது. டர்போ இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். திணிக்கிற காற்றுக்கு ஈடாகப் பெட்ரோலும் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் சூடேறி பிஸ்டன் உருகிவிடும். இந்தக் காரில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் பெட்ரோல் அழுத்தம் காட்டும் முள் ஜோராக ஏறி, ஒரு குறிப்பிட்ட இடத்தில் யாரோ கையை விட்டது போலச் சரிந்தது. இதென்ன பெரிய விஷயம் என்று மெக்கானிக் ஃபில்டரை மாற்றினார். முள் சரிந்தது. பெரிய பம்பாகப் பார்த்துப் போட்டார், அதற்கு பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த வயர் இழுத்தார், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கழுவி மாட்டினார், டாங்கில் காற்றுப் போகிற துளை அடைத்திருக்குமோ என்று மூடியைத் தளர்த்திவைத்துக்கூட ஓட்டிப் பார்த்தார். முள் அதே இடத்தில் சரிந்தது. ஒவ்வொரு பாகமும் தனியாகச் சோதித்தால் சொக்கத்தங்கம்; சேர்த்துப் போட்டால் பழைய வம்பு. “காத்தைக் கொஞ்சம் குறைச்சு வெச்சுக் குடுங்களேன் மாஸ்டர், நான் மெதுவா ஓட்டிக்கிறேன்” என்று பல் டாக்டரே இறங்கி வந்தார். மெக்கானிக்குக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “குறைச்சு ஓட்டுறதுக்கு எதுக்கு டாக்டர் டர்போ? பாதிப் பல்லைப் பிடுங்கிட்டு, மீதி அப்படியே இருக்கட்டும்னு நீங்க அனுப்புவீங்களா?” அவர் பட்டறையிலிருந்து அப்படி ஒரு வண்டியும் வெளியே போனதில்லை.

இதற்குள் கோளாறு வீடெங்கும் பரவியிருந்தது. குக்கர் விசிலடிக்கப் போகும் சமயம் பார்த்து அடங்கியது. மெக்கானிக்குக்கு மூக்கு விடைத்து, கண் சொருகி, தும்மல் உச்சிக்கு வரும்; அங்கிருந்து அப்படியே திரும்பிப் போய்விடும். ஒரு தும்மலைக்கூடப் போட்டு முடிக்க முடியாத மனுஷனுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? ஒழுங்காகச் சண்டை போடவும் வழியில்லை. “வீட்டுக்கு வந்தும் அந்தக் கார் நெனப்புதானா, இங்க நானும் ஒருத்தி...” என்று மனைவி குரலை உயர்த்துவாள், ஒரு கட்டத்தில் சத்தம் அறுந்து வாய் மட்டும் அசையும். அவர் பதிலுக்குக் கத்தினாலும் அதே கதி. இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தாழ்ந்த குரலில் தொடர வேண்டியிருந்தது. அப்படித் திட்டிக்கொள்வதில் இரண்டு பேருக்குமே திருப்தியில்லை.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தள்ளிவைத்தாள். “ஏங்க, பால் பொங்கல, சரி. தும்மல் வரல, சரி. வலி வந்து நான் முக்குறப்ப இப்படி நின்னுபோச்சுன்னா?” மெக்கானிக் பாதிச் சாப்பாட்டில் எழுந்து பட்டறைக்குப் போனார். அன்றிலிருந்து அவர் அந்தக் காரைத் திறந்ததெல்லாம் டாக்டருக்காக இல்லை. பயத்தில் மறுபடி பம்பை மாற்றினார், மாற்றியதையே மாற்றினார், வெறுத்துப்போய் ஸ்பேனரைச் சுவரைப் பார்த்து வீசினார். அது பாதி தூரம் போய்த் தொப்பென்று விழுந்தது.

முள் சரிந்துகொண்டிருக்கும்போதே வலி வந்துவிட்டது. காரை அப்படியே போட்டுவிட்டு மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிரசவ அறையிலிருந்து நர்ஸ் வெளியே வந்து கையை விரித்தாள். “நல்லாத்தாங்க முக்குறாங்க. சரியா தலை வர்ற நேரத்துல சட்டுனு பலமே இல்லாம போயிடுது. ஒவ்வொரு தடவையும் இதே மாதிரி.” அது எந்த இடம் என்று அவருக்குத் தெரியும். யாரையும் கேட்காமல் உள்ளே போய், வியர்வையில் நனைந்து கிடந்தவளின் காதருகே குனிந்து, எந்த வாடிக்கையாளரிடமும் சொல்லாததைச் சொன்னார். “முழுசா முக்காதம்மா. அந்த இடத்துக்குப் போகாத. கொஞ்சம் முன்னாலயே நிறுத்திக்க.”

“இதைச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு நாளா?” என்றாள் அவள், சத்தம் அறுந்துவிடாத அளவுக்கு.

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பலம் ஏறி ஏறி வர, விழப் போகும் இடத்துக்குச் சற்று முன்பாக ஒவ்வொரு முறையும் “போதும்” என்றார். வெயில் ஜன்னலைத் தாண்டிப் போகும் வரை அவள் இம்மி இம்மியாக முக்கிப் பெண் குழந்தையைப் பெற்றாள். மெக்கானிக் விட்டு விட்டு அழுதார்.

அடுத்த வாரம் காற்றைக் குறைத்துவைத்துக் காரைப் பல் டாக்டரிடம் ஒப்படைத்தார். டாக்டர் இப்போது அதில்தான் காய்கறி வாங்கப் போய்வருகிறார். கோளாறு எங்கே என்று கடைசிவரை தெரியவில்லை, அந்த எரிச்சல் மெக்கானிக்குக்கு இன்றும் உண்டு. வீட்டில் பால் பொங்குவதில்லை. குழந்தை வீறிட்டு அழும்போது குரல் ஏறி ஏறிப் போய் ஓரிடத்தில் அறுந்துவிடும். முகம் சிவந்து வாய் மட்டும் திறந்திருக்கும். பார்க்க வந்தவர்கள் பதறி எழுந்துகொள்வார்கள். “உக்காருங்க, இப்ப வரும்” என்பாள் தாய், துவைத்த துணியை மடித்துக்கொண்டே. வரும்.